பதினான்கு கிலோமீட்டர் மின்கம்பி, கடைசியில் ஒரு மல்லிகைத் தோட்டம்

திண்டுக்கல் போய்விட்டு வந்தேன் என்றதும் மலைக்கோட்டைப் படம் கேட்டார்கள். தாடிக்கொம்பு கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இரண்டும் என்னிடம் இல்லை. கடந்த வைகாசியில் மூன்று நாள் நான் பார்த்ததெல்லாம் மின்கம்பங்கள்தான். படிக்க மனமில்லாதவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன காரணம் இது. நான் திருச்சிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் எடுக்கிறேன். மேற்படிப்பில் என் ஆய்வே, மின் விநியோகப் பாதையில் மின்தேக்கிகளை எங்கே வைத்தால் இழப்பு குறையும் என்பது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த ஆய்வு. அதை எளிய தமிழில் இந்த வலைப்பூவில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சகாயமேரி என்பவர் ஒரு கேள்வி போட்டார்: "டீச்சர், இது உங்க நோட்டுல மட்டும் வேலை செய்யுமா, எங்க ஊர்லயும் செய்யுமா?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. போன் செய்தேன். மேரிக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு ஏக்கரில் மல்லிகை. அந்த வருடம் மட்டும் அவர் மோட்டார் இரண்டு முறை எரிந்திருந்தது. காரணம் குறைந்த அழுத்தம். அவர்கள் ஊருக்கு வரும் மின்பாதைக்கு ஒரு மின்தேக்கித் தொகுதி ஒதுக்கியிருக்கிறார்களாம். ஆனால் அதைத் துணை மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பாதையின் ஆரம்பத்தில் வைக்கப் போகிறார்கள். மேரியின் தோட்டம் பாதையின் கடைசியில், பதினான்காவது கிலோமீட்டரில்.

"ஆரம்பத்துல வச்சா எங்களுக்கு என்ன பிரயோசனம்? நீங்க எழுதுனத வச்சுத்தான் கேக்குறேன்" என்றார்.

பிரயோசனம் ரொம்பக் குறைவு. மோட்டார் சுழல அதற்குள் ஒரு காந்தப் புலம் வேண்டும். அந்தப் புலத்துக்காக ஒரு மின்னோட்டம் கம்பியில் போவதும் வருவதுமாக இருக்கும். அது தண்ணீரை இறைக்காது, ஆனாலும் கம்பியைச் சூடாக்கும், அழுத்தத்தைக் குறைக்கும். மின்தேக்கி அந்த மின்னோட்டத்தைப் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடும். எந்த இடத்தில் வைக்கிறோமோ அங்கிருந்து துணை மின்நிலையம் வரைக்கும்தான் கம்பியின் பாரம் குறையும். தொடக்கத்தில் வைத்தால் மீதிப் பதினான்கு கிலோமீட்டரும் பழையபடிதான். சுமை சீராகப் பரவியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எனக்குக் கோடை விடுமுறை. ஆய்வகத்திலிருந்து கையெழுத்துப் போட்டு மீட்டர்களை வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குத் திருச்சியில் பஸ் ஏறி எட்டு மணிக்கு முன்பே திண்டுக்கல். தொண்ணூறு ரூபாய். அங்கிருந்து நிலக்கோட்டைக்கு ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். பூ மார்க்கெட்டில் அன்றைய ஏலம் முடிந்து சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார்கள். மேரி ஸ்கூட்டரோடு வந்து நின்றார். காலை மூன்றரைக்கு எழுந்து மொட்டுப் பறித்து, வேனில் ஏற்றிவிட்டு, அப்படியே எனக்காகக் காத்திருந்தவர்.

"சாப்டீங்களா டீச்சர்? இல்லையா? ஏறுங்க. வீட்டுல சோறு இருக்கு, வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா வதக்கியிருக்கேன். ஒம்போது மணிக்குத்தான் த்ரீ பேஸ் விடுவான். அதுக்குள்ள தின்னுட்டுப் போயிருவோம்."

அந்தப் பாதையில் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் ஒன்பது முதல் மூன்று வரை. நாங்கள் சாப்பிட்டுக் கிளம்பியபோது ஒன்பதேகால். அதிலிருந்து மூன்று மணி வரை ஸ்கூட்டரில் அந்தப் பாதையை முழுதாகப் பின்தொடர்ந்தோம். நான் கம்பத்தைத் தொடவில்லை, தொடவும் கூடாது. வழியில் உள்ள தோட்டங்களில் சொந்தக்காரரிடம் கேட்டு, மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லி அளந்தேன். மொத்தம் பதினொரு தோட்டம். முதல் தோட்டத்தில் 405 வோல்ட். தென்னந்தோப்புகள் உள்ள நடுப்பகுதியில் 390. கடைசி டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த தோட்டத்தில் 376. அதே டிரான்ஸ்ஃபார்மரில், தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி மேரியின் மோட்டார் அறையில் 318.

மேரியின் ஸ்டார்ட்டரில் இன்னொன்றையும் பார்த்தேன். அழுத்தம் 330க்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலேயைக் கழற்றி, வயரை நேராகக் கொடுத்திருந்தார்கள்.

"இது ஆபத்து மேரி."

"தெரியும். ரிலே இருந்தா ஆறு மணி நேரத்துல அர மணி நேரங்கூட ஓடாது. செடிக்குத் தண்ணி வேணுமா, மோட்டாருக்கு உசிரு வேணுமான்னு பாத்தேன். ரெண்டு தடவ மோட்டாரத்தான் குடுத்தேன்" என்றார். குரலில் வருத்தமே இல்லை. என்னையே குற்றம் சொல்வதுபோல ஒரு பார்வை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு மேசையில் கணக்குப் போட்டேன். பாடப்புத்தக விதிப்படி ஒன்பதேகால் கிலோமீட்டரில் வைக்க வேண்டும். வரைபடத்தில் காட்டியதும் மேரி சிரித்துவிட்டார். "அங்க என்ன இருக்கு? வெறும் பாறை. ஆடு மேயும். அங்கிட்டுப் பூராம் தென்ன, சொட்டு நீர், அஞ்சு எச்.பி. மோட்டாரு. இங்கிட்டுத்தான் ஆயிரம் அடி போரு, பத்து எச்.பி. அம்புட்டுப் பாரமும் கடைசியிலதான் தொங்குது." சுமை சீராகப் பரவவில்லை, என் விதி செல்லாது. அளவுகளை வைத்து மறுபடி போட்டேன். பதினொன்றரை கிலோமீட்டரில், மேரியின் ஊர்ப் பக்கம் கிளை பிரியும் கம்பம். அதுதான் சரியான இடம் என்று இரண்டு பக்க மனு எழுதினேன். மேரியும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அலுவலகம். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அங்கிருந்த பொறியாளர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். எங்கள் மனுவைப் பிரிக்காமல் மேசையில் வைத்தார்.

"மேல இருந்து எடம் குறிச்சு வந்திருச்சு மேடம். ரோட்டோரம் இருந்தாத்தான் நாங்க பராமரிக்க முடியும். நீங்க எந்தத் துறை?"

"எந்தத் துறையும் இல்ல. பாலிடெக்னிக்ல பாடம் எடுக்கறேன்."

"அப்ப தபால்ல குடுத்துட்டுப் போங்க."

நான் எழுந்துவிட்டேன். இருபது வருடமாக அலுவலகங்களில் எழுந்துகொள்ளப் பழகியவள் நான். மேரி எழவில்லை.

"முத்திர குத்தி நகல் குடுங்க சார்."

"எழுத்தர் லீவும்மா."

"அவரு வார வரைக்கும் உக்காந்திருக்கேன். எனக்குப் பொழுது நெறையா இருக்கு. மோட்டாரு ஒழுங்கா ஓடலேல்ல."

வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். போனவர் வந்தவர் எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரையும் நேராகத் திருப்பிப் பார்த்தார். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பொறியாளரே முத்திரையோடு வெளியே வந்தார். நகலைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை.

"படிச்சேன் மேடம். ஒங்க கணக்கு சரிதான். அந்தக் கம்பத்துல வச்சா லைன்ல நஷ்டம் நல்லாக் கொறையும். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க வச்சா இந்த அம்மா மோட்டார்ல எத்தன வோல்ட் ஏறும்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. என் ஆய்வு முழுவதும் இழப்பைக் குறைப்பது பற்றியது. அழுத்தம் ஒரு எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பெஞ்சிலேயே மனுவின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஏழு வோல்ட். மேரிக்கு 318 என்பது 325 ஆகும். ரிலே அப்போதும் நிறுத்திவிடும்.

இதை அப்படியே மேரியிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த நோட்டை வாங்கி முந்தின நாள் அளவுகளை விரலால் தடவிக்கொண்டே போனார். பத்தாவது வரியில் விரல் நின்றது.

"டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிட்ட தங்கவேல் அண்ணன் தோட்டத்துல முன்னூத்தி எழுபத்தாறு. அதே டிரான்ஸ்ஃபார்மருதான் எனக்கும். எனக்கு முன்னூத்திப் பதினெட்டு. பதினாலு கிலோமீட்டரத் தாண்டி வந்தது, இந்தத் தொள்ளாயிரம் மீட்டர்ல அறுவது வோல்ட்ட எங்க தொலைக்குது?"

என் கண்முன்னே, என் கையெழுத்தில் இருந்த எண்கள் அவை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு வரும் தாழ்வழுத்தக் கம்பியில் ஒன்பது மோட்டார்கள் தொங்குகின்றன. மின்னோட்டம் பல மடங்கு அதிகம், கம்பி மெல்லியது. என் ஆய்வில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு புள்ளி, அதற்குப் பிறகு உலகமே கிடையாது. ஆனால் மேரியின் மோட்டார் அங்கேதான் எரிந்தது.

"அப்ப மின்தேக்கிய மோட்டார்லயே வைக்கணும்" என்றேன். "ஒவ்வொரு மோட்டார்லயும். ஒருத்தர் மட்டும் வச்சா ஒண்ணும் தெரியாது. எல்லாரும் வைக்கணும்."

"கண்டன்சரா? முன்னாடி வச்சுத்தான் இருந்துச்சு. வெடிக்குதுன்னு எல்லாரும் கழட்டிட்டாங்க. யாரு கழட்டச் சொன்னதுன்னு கேளுங்க. வாங்க, இப்பவே போவம்."

அங்கிருந்து திண்டுக்கல், பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகல் நகருக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். மேரியின் மோட்டாரை இரண்டு முறையும் சுற்றிக் கொடுத்த வைண்டிங் கடை அங்கே இருக்கிறது. கடைக்காரர் ஜபருல்லா, அறுபதை நெருங்குபவர். கை முழுக்க வார்னிஷ். மேரி வாசலிலேயே ஆரம்பித்தார்.

"பாய், நீங்கதான கண்டன்சரக் கழட்டச் சொன்னது?"

"ஆமா, நாந்தான். அதுக்கு இப்ப என்ன? மட்டமான சாமான வாங்கி, சைசும் பாக்காம மாட்டிட்டு, அது உப்பி வெடிச்சா எங்கிட்ட வந்து நிக்கிறீங்க. பத்து எச்.பி. மோட்டாருக்கு ஃபேன் கண்டன்சரு மாதிரி ஒண்ண மாட்டியிருந்தான் ஒருத்தன். கழட்டாம என்ன செய்யச் சொல்றே?"

நான் அளவுகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். பத்து எச்.பி.க்கு ஐந்து கேவிஏஆர் அளவுள்ள மின்தேக்கி போதும், அதிகம் போனால் மோட்டாருக்குத்தான் கேடு என்று அவரே சொன்னார். ஸ்டார்ட்டருக்குப் பிறகு இணைக்க வேண்டும், மோட்டார் நின்றால் அதுவும் சேர்ந்து நிற்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். என் வாயில் இருந்ததையெல்லாம் அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல சாமான் ஆறு இருக்கு. பாக்கிய அடுத்த கடையில வாங்கித் தாரேன். ஆனா நாந்தான் வந்து மாட்டுவேன். வேற எவனாச்சும் மாட்டி வெடிச்சா மறுபடி எம்பேருதான் கெடும்."

"நாளைக்கு ஒம்போது மணிக்கு முன்னாடி வாங்க பாய்" என்றார் மேரி.

சனிக்கிழமை ஏழு மணிக்கே ஜபருல்லா டிவிஎஸ் ஐம்பதில் வந்துவிட்டார். ஒன்பது மோட்டார்களில் எட்டுப் பேர் சம்மதித்திருந்தார்கள். முந்தின நாள் இரவே மேரி போனில் ஒவ்வொருவரிடமும் பேசியிருந்தார். ஒன்பதாமவர் தங்கவேல். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த தோட்டம் அவருடையது. வேலியோரம் நின்றுகொண்டு எங்களை உள்ளே விடவில்லை.

"எனக்கு நல்லாத்தான் வருது. எதுக்கு மாட்டணும்? ஏத்தா மேரி, ஆபீசுலயே முடியாதுன்னுட்டான். பொம்பளைக ரெண்டு பேரு வந்து கரண்ட்டக் கூட்டப் போறீகளாக்கும்?"

"ஆமாண்ணே, கூட்டத்தான் போறோம். நீங்க மாட்ட வேணாம். வேலிக்கு அங்கிட்டே நின்னு பாருங்க" என்றார் மேரி. அவ்வளவுதான். கெஞ்சவுமில்லை, சண்டைக்கு நிற்கவுமில்லை. ஸ்கூட்டரைத் திருப்பினார்.

மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கி, மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகே ஜபருல்லா ஒவ்வொரு பெட்டியிலும் கை வைத்தார். எட்டு மோட்டாருக்கும் மாட்டி முடிக்க மணி பத்தரை. மேரியின் ஸ்டார்ட்டரில் ரிலேயையும் திருப்பி மாட்டச் சொன்னேன். மேரி தயங்கினார். "நிப்பாட்டிருச்சுன்னா?" என்றார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியதைக் கேட்டேன். ஒரு வாரமாகப் பாதித் தண்ணீர் குடித்த செடிகள் வெயிலில் நுனி வாடிக் கிடந்தன. அன்றும் மோட்டார் நின்றால் அடுத்த பறிப்பு போய்விடும்.

"மாட்டுங்க பாய்" என்று அவரே சொன்னார்.

போனில் பேசிவைத்தபடி பத்து நாற்பதுக்கு எட்டு மோட்டார்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. தங்கவேலின் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. மேரியுடையதைக் கடைசியாகப் போட்டோம். மீட்டர் 326 காட்டியது. கீழே இறங்கி 322. ரிலே சில விநாடிதான் பொறுக்கும். மோட்டார் முழு வேகம் பிடித்ததும் எண் மேலே ஏறியது. 329. 333. 335. அங்கேயே நின்றது. ரிலேயின் பச்சை விளக்கு அணையவில்லை. வியாழக்கிழமை இருபத்து நான்கு ஆம்பியர் இழுத்த கம்பியில் இப்போது பத்தொன்பதரை.

"செத்த நேரம் பாப்போம்" என்றார் ஜபருல்லா. யாரும் உட்காரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். தொட்டியில் தண்ணீர் குழாயை முட்டிக்கொண்டு விழுந்தது. மேரி சத்தம் போடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலை வெட்டிவிடப் போய்விட்டார். மூன்று மணிக்கு மின்சாரம் நிற்கும் வரை அந்த மோட்டார் ஒரு முறைகூட நிற்கவில்லை.

திரும்பும்போது தங்கவேல் தோட்டத்தில் அளக்க அனுமதி கேட்டேன். மறுக்காமல் பெட்டியைத் திறந்துவிட்டார். 376 இருந்த இடத்தில் 383. எதையும் மாட்டாமலே அவருக்கு ஏழு வோல்ட் கூடியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மேரியிடம் சொன்னேன்.

"ஓடட்டும் டீச்சர். அவரு கெணத்துக்கும் சேத்துத்தான் போட்டோம்னு ஊர்ல சொல்லிக்கிறேன். அவரு அதக் கேட்டுக்கிட்டுத் திரியட்டும்" என்றார்.

ஞாயிறு காலை ஊர் திரும்பினேன். அடுத்த வாரமே அந்த மின்தேக்கித் தொகுதியைத் துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில், குறித்த இடத்திலேயே நட்டுவிட்டார்கள். முத்திரை குத்திய நகல் எங்களிடம் இருக்கிறது. புதிய அளவுகளோடு இரண்டாவது மனுவும் கொடுத்தாகிவிட்டது. கிளை பிரியும் கம்பத்துக்கு அதை மாற்ற வேண்டும், தாழ்வழுத்தக் கம்பியையும் தடிமனாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் இல்லை. மூன்றாவதும் கொடுப்போம். மோட்டாரில் நாங்களே மாட்டிக்கொண்டோம் என்பதற்காக அவர்கள் செய்ய வேண்டியதை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை, வரைபடத்தில் ஒரு சிறந்த புள்ளியைக் கண்டுபிடித்ததற்காகப் பட்டம் வாங்கியவள் நான். யாருக்குச் சிறந்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஜூனில் கல்லூரி திறந்ததும் அந்தப் பாடத்தை மேரியின் 318இலிருந்து தொடங்கினேன். பாடத்திட்டத்தில் அது இல்லை என்று துறைத் தலைவர் சொன்னார். அப்படியேதான் நடத்துகிறேன்.

உங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை முதலில் விசாரியுங்கள், மற்ற நேரத்தில் போனால் அளக்க ஒன்றுமில்லை. கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் கை வைக்காதீர்கள், அளப்பதெல்லாம் சொந்தக்காரர் சம்மதத்தோடு மோட்டார் அறையில் மட்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் முதல் தோட்டத்தையும் கடைசித் தோட்டத்தையும் அவசியம் அளந்துவிடுங்கள், நான் ஒரு நாளை வீணாக்கியது இதைக் கவனிக்காததால்தான். மின்தேக்கியை மோட்டாரின் அளவுக்குத் தக்கபடி, தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். நிலக்கோட்டையிலிருந்து கிராமங்களுக்கு டவுன் பஸ் உண்டு, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது, ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். அலுவலகத்துக்குப் போனால், நகலில் முத்திரை விழும் வரை பெஞ்சை விட்டு எழாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேரியிடமிருந்து ஒரு படம் வந்தது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் பன்னிரண்டு மோட்டார்கள். அந்த ஆட்கள் என்னைக் கூப்பிடவில்லை, மேரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி, ஒன்பது மோட்டாருக்கு மாட்ட வைத்து, கடைசித் தோட்டத்தில் அளந்திருக்கிறார். படத்தில் எண் 328. கீழே எழுதியிருந்தார்: "ரெண்டு வோல்ட்டு கம்மி டீச்சர். மூணு பேரு மாட்ட மாட்டேங்குறாக. காலைல போய் அவுக வாசல்ல உக்காரப் போறேன்."